அஞ்சம்மாள் சொன்ன தேதி

மாதத்தின் முதல் திங்கட்கிழமை எங்கள் கம்பெனியில் பெண்களுக்கு நாப்கின் பாக்கெட் கொடுப்பார்கள். கேன்டீன் வாசலில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் எச்.ஆர். மோனிகா மேடம். பெயரைச் சொல்லி, நோட்டில் கையெழுத்துப் போட்டு, பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். எனக்கு மாதவிலக்கு நின்று மூன்று வருடம் ஆகிறது. ஆனாலும் ஒரு மாதம்கூடத் தவறாமல் வரிசையில் நின்று வாங்கியிருக்கிறேன்.

ஆசைக்கு வாங்கவில்லை, பயத்துக்கு வாங்கினேன். நான்கு வருடத்துக்கு முன்னால் ஜோதிலட்சுமி என்று ஒருத்தி எங்கள் லைனில் இருந்தாள். வெள்ளந்தி. மேஜைக்கு முன்னால் போய், "எனக்கு வேணாம் மேடம், எனக்குத்தான் நின்னுபோச்சே, வேற யாருக்காவது குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த நோட்டின் நகல், எங்களைக் கம்பெனிக்கு வேலைக்கு அனுப்பும் காண்ட்ராக்டர் குப்புராஜ் கைக்குப் போகும். இரண்டே வாரத்தில், ஆள் குறைக்கிறோம் என்று சொல்லி அவளை நிறுத்திவிட்டான். குறைத்தது அவள் ஒருத்தியைத்தான். மறுநாளே அவள் இடத்துக்கு இருபத்திரண்டு வயதுப் பெண் வந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து நின்றவள், நிற்கப்போகிறவள் எல்லோரும் வரிசையில் முதல் ஆளாக நிற்க ஆரம்பித்தோம். வாங்கிய பாக்கெட் மகளுக்கோ மருமகளுக்கோ போய்ச் சேரும்.

என் பெயர் மெர்சி. கம்பெனி கார்டில் எனக்கு நாற்பத்துநாலு வயது, நிஜத்தில் ஐம்பத்தொன்று. நடுவில் ஏழு வருடத்தை முழுங்கியது நான் இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஊத்துக்கோட்டையில் ஆதார் எடுத்தபோது, சுற்று வட்டாரப் பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனவனே குப்புராஜ்தான். "முப்பத்திரண்டுன்னு சொல்லும்மா, அப்பத்தான் கம்பெனி உள்ள வுடுவான்" என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தான். எங்களில் யாரிடமும் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. அதுவரை நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள், கம்பெனி என்றதும் வாயைப் பிளந்துகொண்டு போனோம். அவன் சொன்ன வயதைச் சொன்னோம்.

வேலை என்னவென்றால், காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகக் கட்டுவது. இரண்டு ஒயர் சேரும் இடத்தில் ஒரு சின்னக் குழாயை மாட்டி, ஹீட் கன்னால் சூடு காட்டினால் அது சுருங்கிக் கவ்விக்கொள்ளும். ஒரு ஷிப்டுக்கு நானூற்று எண்பது. சூடு ஒரு நொடி கூடினால் குழாய் கருகிவிடும், ஒரு நொடி குறைந்தால் கழன்றுவிடும். இது கைக்குப் பிடிபட ஆறு மாதம் ஆகும். என் கைக்குப் பன்னிரண்டு வருடப் பழக்கம்.

நின்றதற்குப் பிறகு வந்ததுதான் உண்மையான பேஜார். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சிலிருந்து குப்பென்று ஓர் அனல் ஏறும். கழுத்து, காது, உச்சந்தலை எல்லாம் எரியும். கழுத்து வரை பட்டன் போட்ட நீலக் கோட்டுக்குள் வேர்வை ஆறாக ஓடும். இரண்டு நிமிடத்தில் அடங்கும், பிறகு குளிரும். கையில் ஒரு ஹீட் கன், உடம்புக்குள் இன்னொரு ஹீட் கன். "இன்னாக்கா, ஜுரமா?" என்று பக்கத்துப் பெண் கேட்பாள். "நேத்து கோழி துன்னேன், சூடு" என்பேன். சரியான தூக்கம் கிடையாது, முட்டி வலி, வைத்த இடம் மறந்துபோகும், காரணமே இல்லாமல் எரிச்சல் வரும். என் புருஷன் இம்மானுவேல் இரும்பு உருக்கும் மில்லில் வேலை செய்கிறவர். "ஃபர்னஸ் பக்கத்துல எட்டு மணி நேரம் நிக்கிறேன், உன் பக்கத்துல அஞ்சு நிமிஷம் நிக்க முடியல" என்று சொல்லிவிட்டு, டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போவார். நல்ல மனுஷன்தான், அவர் மேலும் எரிந்து விழுந்தேன்.

ஏ.சி. காற்று வரும் இடத்தில் செக்கிங் மேஜை இருக்கிறது. அங்கே மாற்றுங்கள் என்று கேட்கலாம். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஒரு நாள் அனல் ஏறித் தலை சுற்றி, ஹீட் கன் மணிக்கட்டில் பட்டுத் தோல் உரிந்துவிட்டது. அதற்கு மருந்து போடப் பொன்னேரி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே கட்டுப் போட்ட நர்ஸம்மாவிடம்தான் முதன்முதலாக எல்லாவற்றையும் கொட்டினேன். இது வியாதி இல்லை, எல்லாப் பெண்களுக்கும் வருவது, தாங்க முடியாவிட்டால் அதற்கும் மருந்து இருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். நான் கிளம்பும்போது கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒண்ணு மட்டும் மறக்காதம்மா. நின்னு ஒரு வருஷம் தாண்டின அப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் அடுத்த நாளே இங்க வந்து நிக்கணும். அது சும்மா வராது. சில நேரம் உள்ள புத்துநோய் ஆரம்பிச்சிருக்கும்."

எனக்குப் படவில்லை. பட்டது அஞ்சம்மாளுக்கு.

அஞ்சம்மாள் என் எதிர் மேஜை. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஒரே வேனில் போய் எடுத்ததால் கார்டில் அவளுக்கும் நாற்பத்துநாலுதான். புருஷன் தணிகாசலம் செத்து எட்டு வருடம் ஆகிறது. மகளும் பேத்தியும் இவளோடு இருக்கிறார்கள், மூன்று வயிறும் இவள் சம்பளத்தில்தான் நிறைகிறது. காலையில் கம்பெனி பஸ்ஸில் நான் ஊத்துக்கோட்டையில் ஏறி இடம் போட்டு வைப்பேன், அவள் பெரியபாளையத்தில் ஏறுவாள். ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை ஏறியவள் முகத்தில் அப்படி ஒரு களை. உட்கார்ந்ததும் என் காதோடு சொன்னாள்.

"மெர்சி, எனக்குத் திரும்ப வந்துச்சுடி."

"இன்னாக்கா வந்துச்சு?"

"அதான். ரெண்டரை வருஷம் கழிச்சி. செவ்வாக்கெழம காத்தால. நல்லாவே பட்டுச்சு. நான் இன்னும் கெழவி ஆவல. பவானியாத்தா கண்ணத் தொறந்துட்டா. ஆடி மாசம் வேப்பஞ்சேலை கட்டி கோயில சுத்தி வரேன்னு வேண்டிக்கினேன்."

உடம்பெல்லாம் வேப்பிலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வலம் வருகிற வேண்டுதல் அது. நோய் தீர்ந்தவர்கள் செய்வார்கள். இவள் நோய் வந்ததற்கே நன்றி சொல்லப் போகிறாள். நர்ஸம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது.

"உனக்கு வரலன்னு வயித்தெரிச்சலா?"

"இல்லக்கா. நாளைக்கே ஆஸ்பத்திரிக்கி போவலாம். நானும் கூட வரேன்."

"போனா இன்னா கேப்பாங்க? எப்ப நின்னுச்சு, வயசு இன்னான்னு கேப்பாங்க. சீட்டுல எழுதுவாங்க. அது சுத்தி சுத்தி குப்புராஜ் கைக்கி வரும். ரெண்டரை வருஷமா அந்தப் பாக்கெட்டை வாங்கறப்ப எனக்குக் கை கூசும்டி. இந்தத் திங்கக்கெழம வாங்குனதுதான் மெய்யாலுமே எனக்கு ஒதவுச்சு. என்னை வுட்டுடு. வாய மூடிக்கினு வா."

ஆரணி தாண்டி, கவரைப்பேட்டை தாண்டியும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிய முகத்தைத் திருப்பவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சம் இல்லை. அவள் மேல் பாதி, மீதி எல்லாம் அந்த நோட்டின் மேல். எந்தப் பெண்ணுக்கு இரத்தம் வருகிறது, எவளுக்கு வரவில்லை என்று பார்த்து ஒருவன் சோறு போடுகிறான். அதனால் ஒருத்தி, உயிருக்கு வந்த ஆபத்தைப் பார்த்து வயது திரும்பிவிட்டது என்று சந்தோஷப்படுகிறாள். இந்த அசிங்கத்துக்கு நானும்தான் மூன்று வருடமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் கம்பெனியில் பெண்களுக்கு மருத்துவ முகாம் என்று அறிவித்தார்கள். கடைசியாக எப்போது வந்தது என்று கட்டாயம் கேட்பார்கள் என்று தெரியும். எல்லோரும் ஒரே தேதி சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று, பஸ்ஸிலேயே ஆளுக்கொரு தேதி பிரித்துக்கொண்டோம். பூவம்மாளுக்கு மே இருபது. எனக்கு மே இருபத்தெட்டு. அஞ்சம்மாளுக்கு ஒரு தேதி சொன்னபோது, "எனக்கு வேணாம், என்கிட்ட சொந்தமா கீது" என்று சிரித்தாள். பஸ்ஸே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கேன்டீனில் ஒரு மூலையைத் திரை போட்டு மறைத்திருந்தார்கள். வெளியூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்திருந்தார், நாற்பது வயது இருக்கும். பக்கத்திலேயே மோனிகா மேடம் லேப்டாப்போடு உட்கார்ந்து, சொல்வதையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தாள். திரைக்கு இந்தப் பக்கம் குப்புராஜ் வரிசையை ஒழுங்குபடுத்துகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். எனக்கு முன்னால் அஞ்சம்மாள்.

"கடைசியா பீரியட்ஸ் எப்போம்மா வந்துச்சு?"

"மூணாந்தேதி. செவ்வாக்கெழம."

"மாசா மாசம் ஒழுங்கா வருதா?"

"வருது டாக்டரம்மா."

டாக்டரம்மா தலையாட்டிவிட்டு எழுதினார். சத்து மாத்திரை வாங்கிக்கொள்ளச் சொல்லி அடுத்த மேஜைக்கு அனுப்பிவிட்டார். அன்றைக்கு அந்த வரிசையில் நின்ற வயதான பெண்களில், சரியான தேதியைச் சொன்னவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் சொன்ன பொய்யால் யாருக்கும் எதுவும் ஆகப் போவதில்லை. இவள் சொன்ன உண்மை இவளைக் கொன்றுவிடும். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"பேரு?"

"மெர்சி."

"வயசு?"

நாற்பத்துநாலு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பன்னிரண்டு வருடப் பழக்கம் அவ்வளவு சுலபத்தில் விடுமா?

"அம்பத்தொண்ணு."

மோனிகாவின் விரல் நின்றது. "அக்கா, கார்டுல நாப்பத்திநாலுன்னு இருக்கே?"

"கார்டு பொய் மேடம். எனக்கு நின்னு மூணு வருஷம் ஆச்சு. உங்ககிட்ட மாசா மாசம் வாங்குற பாக்கெட்ட என் பொண்ணு கிரேஸ்தான் எடுத்துக்கினு கீறா."

குப்புராஜ் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். "இந்தாம்மா, இன்னா ஒளறிக்கினு கீற? எழுந்து வா வெளிய."

டாக்டரம்மா நிமிர்ந்தார். "நீங்கதான் வெளிய போகணும். நான் ஒரு பொம்பளையை பரிசோதனை பண்ணிட்டு இருக்கேன்." அவன் திரைக்கு அந்தப் பக்கம் ஓர் அடி போய் நின்றான், அதற்கு மேல் போகவில்லை.

"டாக்டரம்மா, நீங்க இத்தினி நேரம் எழுதுனதுல பாதி பொய்" என்றேன். "நின்னுபோச்சுன்னு சொன்னா வேலை போயிடும், அதான். என் விஷயம் பெரிசில்ல, எனக்கு வேர்த்துக் கொட்டுது, அவ்ளோதான். ஆனா இங்க ஒருத்திக்கி ரெண்டரை வருஷம் நின்னுட்டு போன வாரம் பட்டிருக்குது. அவளும் மாசா மாசம் வருதுன்னு சொல்லிட்டா. நீங்களும் எழுதிக்கினீங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "யாரு அது?"

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குப்புராஜும் கேட்டான். "ஆமா, யாரு அது? பேரச் சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா அந்தாளு லிஸ்ட்டுல எழுதுவாரு. அவளே சொன்னா நீங்க சீட்டுல எழுதுவீங்க."

மாத்திரை கொடுக்கும் மேஜைப் பக்கம் பார்க்கக் கூடாது என்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லுடி, சொல்லித் தொலை என்று மனசுக்குள் கத்தினேன். என் வேலை போனது போகட்டும், அது வீணாகப் போகக் கூடாது என்று கர்த்தரைக் கூப்பிட்டேன்.

மாத்திரை அட்டை மேஜையில் விழுகிற சத்தம் கேட்டது. அஞ்சம்மாள் வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நான்தான். மூணாந்தேதி பட்டது நெஜம். மாசா மாசம்னு சொன்னதுதான் பொய்." பிறகு என்னைப் பார்த்து, "போதுமாடி உனக்கு?" என்றாள்.

டாக்டரம்மா அவளை உட்கார வைத்து, திரைக்கு அந்தப் பக்கம் கேட்காத குரலில் வெகுநேரம் பேசினார். மறுநாளே ஸ்கேன் எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் குப்புராஜ் எங்கள் இருவர் கழுத்திலிருந்தும் கார்டைக் கேட்டு வாங்கினான். "நாளையிலேர்ந்து வர வேணாம். கெழவிங்கள வச்சிக்கினு நான் லைன் ஓட்ட முடியாது" என்றான். "என் வயச முப்பத்திரண்டுன்னு சொல்லிக்குடுத்தது யாரு?" என்று கேட்டேன். காது கேட்காதவன் மாதிரி நடந்துவிட்டான்.

அன்றைக்கு பஸ்ஸில் அஞ்சம்மாள் வேறு சீட்டில் உட்கார்ந்தாள். பெரியபாளையத்தில் இறங்கும்போது என் பக்கம் குனிந்து, "என் சோத்துல மண்ணப் போட்டுட்ட" என்று மட்டும் சொன்னாள். ஊத்துக்கோட்டை வரைக்கும் அழுதுகொண்டே போனேன். சரியாகச் செய்தேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் மறுநாள் காலையில் போன் செய்தது அவள்தான். "பொன்னேரிக்கி எத்தினி மணிக்கி வர? உன்னத் திட்டறதுக்காவது கூட ஆளு வேணும்" என்றாள்.

திட்டிக்கொண்டேதான் வந்தாள். ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் தோல் தடித்திருக்கிறது என்றார்கள். துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் அவளும் நானும் சரியாகச் சாப்பிடவில்லை. புற்றுநோயாக மாறுகிற வழியில் இருக்கிறது, இன்னும் மாறவில்லை, இப்போதே கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று முடிவு வந்தது. இன்னும் ஒரு வருடம் கழித்து வந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் அந்தப் பேச்சை முடிக்கவில்லை. அஞ்சம்மாள் அன்று என்னைத் திட்டவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடையில் இரண்டு டீ சொன்னாள், குடித்தோம், அவள் கை என் கையை விடவே இல்லை.

ஆடி மாதத்தில் சென்னையில் ஆபரேஷன் முடிந்தது. வேண்டுதலை அடுத்த வருடம் செய்கிறேன், ஆத்தா பொறுத்துக்கொள்வாள் என்றாள். அவள் மகள் ஒரு நாள், நான் ஒரு நாள் என்று மாறி மாறிக் கூட இருந்தோம். நடுவில் நான் வேறு கம்பெனிகளில் ஏறி இறங்கினேன். ஆதார் கார்டில் இருக்கிற பொய் வயதுக்கே வேலை இல்லை என்று அனுப்பினார்கள்.

செப்டம்பரில் குப்புராஜிடமிருந்து போன் வந்தது. இரண்டு பேரும் வந்து ஆளுக்கொரு பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டும், அப்போதுதான் பி.எஃப். கைக்கு வரும் என்றான். லைனில் புதுப் பெண்கள் குழாயைக் கருக்கித் தள்ளுகிறார்கள், மேலே இருப்பவர்கள் அவனைப் போட்டு வறுக்கிறார்கள் என்று பூவம்மாள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அப்படியும் அவனுக்கு வீம்பு போகவில்லை. காலை ஏழே முக்கால் மணிக்குப் போய் கேட்டில் நின்றோம். பஸ்கள் வந்து பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அஞ்சம்மாளுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அதனால் பேப்பரை நான் உரக்கப் படித்தேன். சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு விலகிக்கொள்கிறேன் என்று இருந்தது. சண்டைக்கு நான்தான் தயாராகப் போயிருந்தேன். அவள் என் கையிலிருந்து பேப்பரை வாங்கி, குப்புராஜ் முன்னால் நீட்டினாள்.

"எனக்கு எப்பப்பா விருப்பம் இருந்துச்சு?"

"அது சும்மா எழுதறதும்மா. போடு கையெழுத்த."

"போடறேன். கீழ நீ ஒரு வரி எழுது, எதுக்கு என்னை நிறுத்தறேன்னு. இவளுக்கு மாசம் நின்னுபோச்சு, கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க, அதனால வேணாம்னு எழுது. உன் கையெழுத்தப் போடு. அப்பறம் நானும் போடறேன்."

"அத்தெல்லாம் எழுத முடியாதும்மா."

"வாயால சொல்ல முடியுது இல்ல? கையால எழுதறதுக்கு இன்னா?"

பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் உள்ளே போகாமல் நின்றுவிட்டார்கள். ஸ்கூட்டரில் வந்த மோனிகாவும் இறங்கி நின்றாள். குப்புராஜ் அவளைத் துணைக்குப் பார்த்தான். அவள் பேப்பரை வாங்கிப் படித்துவிட்டு, "காரணம் எழுதினீங்கன்னா எனக்கு ஒரு காப்பி வேணும் சார், ஃபைல்ல வைக்கணும்" என்றாள். அவனுக்கு முகம் வெளிறிப்போனது. பேனாவைத் திறந்தான். மூடினான். உள்ளே ஷிப்ட் சங்கு ஊதியது. பேப்பர்களை நான்காக மடித்துச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டான்.

"சரி, போங்க உள்ள. லைன் நிக்குது" என்று முனகினான்.

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். அஞ்சம்மாள் அசையவில்லை. கேட்டில் விரித்து வைத்திருந்த அவனுடைய ஆள் பதிவு நோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"வயசு இன்னான்னு எழுதப் போற?"

"கார்டுல இருக்கறதுதான்."

"கார்டுல கீறது நீ சொல்லிக்குடுத்தது. அம்பத்திமூணுன்னு எழுது. நின்னு பாத்துட்டுத்தான் உள்ள போவேன்."

படிக்கத் தெரியாதவள்தான், ஆனால் தினமும் நானூற்று எண்பது எண்ணுகிறவளுக்கு எண் தெரியாதா? குனிந்து, அவன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்து விழுந்தது. மூன்று விழுந்தது. அப்போதுதான் நோட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"அம்பத்தொண்ணு" என்றேன் நான், அவன் கேட்பதற்கு முன்னாலேயே.